45 வயது வரை ஜெஃப்ரி ரஷ் எங்கே இருந்தார்?

கேள்வி: 'பைரட்ஸ் ஆஃப் த கரீபியன்' படங்களில் கேப்டன் பார்போசாவாக வந்தவரும் 'த கிங்ஸ் ஸ்பீச்' படத்தில் மன்னருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவரும் ஒரே நடிகர்தான் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். 'ஷைன்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கும்போது அவருக்கு 45 வயதாமே? அதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்? பெயரே தெரியாத ஒருவர் எப்படி அந்த உயரத்துக்குப் போனார்? அவருடைய படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்:

பெயர் தெரியாதவர் என்பது ஹாலிவுட்டின் பார்வை. ஆஸ்திரேலிய நாடக ரசிகர்களுக்கு அவரை 1980களிலேயே நன்றாகத் தெரியும். 1997 மார்ச்சில் அவர் ஆஸ்கர் வாங்கியபோது, தொழில்முறை நடிகராக மேடையேறி 25 ஆண்டுகள் தாண்டியிருந்தன. அந்த 25 ஆண்டுகளைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய சினிமா நடிப்பைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் பதிலின் பெரும்பகுதி மேடையைப் பற்றித்தான் இருக்கும்.

ஜெஃப்ரி ரஷ் 1951 ஜூலை 6 அன்று குயின்ஸ்லாந்து மாநிலத்தின் டுவும்பா நகரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்த பிறகு தாயுடன் பிரிஸ்பேனில் வளர்ந்தார். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் படித்தபோதே மாணவர் நாடகங்களில் நடித்தார். 1971இல் குயின்ஸ்லாந்து தியேட்டர் கம்பெனியில் சேர்ந்தபோது வயது 20.

இந்தக் கம்பெனிகள் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அவருடைய பயிற்சியின் அளவு புரியும். ஆஸ்திரேலியாவில் பெரிய மாநிலங்கள் ஒவ்வொன்றிலும் அரசு மானியம் பெறும் ஒரு முதன்மை நாடகக் கம்பெனி உண்டு: பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து தியேட்டர், மெல்போர்னில் மெல்போர்ன் தியேட்டர் கம்பெனி (எம்.டி.சி.), சிட்னியில் சிட்னி தியேட்டர் கம்பெனி (எஸ்.டி.சி.), அடிலெய்டில் ஸ்டேட் தியேட்டர். ஆண்டுக்குப் பல நாடகங்களை அறிவித்து, சந்தா கட்டிய பார்வையாளர்களுக்கு வரிசையாகப் போடுவார்கள். ஒரு நாடகத்துக்கு வழக்கமாக நான்கைந்து வாரம் ஒத்திகை. பிறகு சில வாரங்கள், வாரத்துக்கு எட்டுக் காட்சி வரை. நிரந்தரக் குழுவில் இருக்கும் நடிகர் ஒரே ஆண்டில் ஷேக்ஸ்பியர், குழந்தைகள் நாடகம், பிரெஞ்சு கேலிக்கூத்து, புது ஆஸ்திரேலிய நாடகம் என எல்லாவற்றிலும் நடித்தாக வேண்டும். கதாநாயகன் முகம் இல்லாதவருக்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது. ஒல்லியான நெடிய உடல், நீண்ட முகம், பெரிய மூக்கு கொண்ட ரஷ் இளவரசன் வேடத்துக்குப் பொருந்தமாட்டார். கோமாளி, வேலைக்காரன், கிழவன், பைத்தியக்காரன் என்று அவருக்கு வந்தவை எல்லாம் உடலை வளைத்து நடிக்க வேண்டிய வேடங்கள்.

1975இல் அவர் பாரிஸ் போய் ஜாக் லெகாக்கின் நாடகப் பள்ளியில் இரண்டு ஆண்டு படித்தார். அவர் தொழிலில் மிக முக்கியமான திருப்பம் இதுதான் என்பேன். லெகாக் பள்ளியில் நினைவுகளைத் தோண்டி அழுகையை வரவழைக்கும் பயிற்சி இல்லை. உடலிலிருந்து தொடங்குவார்கள். முதலில் வார்த்தையே இல்லாத நடிப்பு. அடுத்து நடுநிலை முகமூடி: எந்த உணர்ச்சியும் காட்டாத, தோலில் செய்த முகமூடி. அதைப் போட்டவுடன் நடிகரின் சொந்தப் பழக்கங்கள் எல்லாம் வெளியே தெரிந்துவிடும். ஒரு தோள் சற்றுத் தூக்கியிருப்பது, தலையை முன்னால் நீட்டி நடப்பது, தேவையில்லாமல் கையை அசைப்பது எதையும் முகத்தால் மறைக்க முடியாது. அவற்றைக் களைந்த பிறகு நீர், நெருப்பு, காற்று, மரம், விலங்கு என ஒவ்வொன்றின் அசைவையும் உடலில் வாங்கிப் பழக வேண்டும். அந்த அசைவுகளை மனிதப் பாத்திரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது அடுத்த கட்டம். இரண்டாம் ஆண்டில் மெலோடிராமா எனப்படும் மிகையுணர்ச்சி நாடகம், கொமெடியா தெல்லார்த்தே எனப்படும் இத்தாலிய முகமூடி நகைச்சுவை, துன்பியல், பூஃபோன் எனப்படும் கோரக் கேலிக்காரர்கள், கடைசியாகக் கோமாளி. கோமாளியின் சிவப்பு மூக்கை உலகத்திலேயே சிறிய முகமூடி என்பார் லெகாக். இதற்கிடையே ஆசிரியர் தலையீடு இல்லாமல் மாணவர்களே குழுவாகச் சேர்ந்து வாராவாரம் ஒரு துண்டு தயாரித்து எல்லோர் முன்னாலும் நடித்துக் காட்ட வேண்டும். முதலாண்டு மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே இரண்டாம் ஆண்டுக்குத் தேர்வாவார்கள்.

இந்த முறையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. உடல் மொழியில் தேர்ந்த நடிகர் பாத்திரத்தை மறந்து வித்தை காட்டத் தொடங்கிவிடலாம். பார்வையாளர் "ஆஹா, எப்படி வளைகிறார்" என்று வியப்பார். பாத்திரத்தின் மேல் இரக்கம் வராது. ரஷ்ஷின் சில படங்களில் இந்தக் குறை எட்டிப் பார்ப்பதுண்டு. நல்ல இயக்குநர் கையில் கிடைக்கும்போது அவருடைய வித்தை பாத்திரத்துக்குள் கரைந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியா திரும்பியதும் மறுபடி மேடை. 1979இல் சிட்னியின் ஜேன் ஸ்ட்ரீட் அரங்கில் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ'. அதில் அவரோடு நடித்தவர் மெல் கிப்சன். இருவரும் அப்போது ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். அதே ஆண்டுதான் கிப்சனின் 'மேட் மேக்ஸ்' வெளியானது. கிப்சன் சினிமாவுக்குப் போனார், ரஷ் மேடையிலேயே தங்கினார். 1982-83இல் அடிலெய்டில் இயக்குநர் ஜிம் ஷார்மன் நடத்திய 'லைட்ஹவுஸ்' குழுவில் இருந்தார். ஒரே நடிகர் கூட்டம் சேர்ந்து ஷேக்ஸ்பியரையும் புதிய ஆஸ்திரேலிய நாடகங்களையும் மாற்றி மாற்றிப் போட்ட குழு அது. இயக்குநர் நீல் ஆர்ம்ஃபீல்டோடு அவருக்கு ஏற்பட்ட நீண்ட உறவும் அந்தக் காலத்தில் வேர்விட்டதுதான்.

சினிமா அப்போது அவருக்கு ஓரமாகத்தான் இருந்தது. 1981இல் 'ஹூட்விங்க்', 1982இல் 'ஸ்டார்ஸ்ட்ரக்' ஆகியவற்றில் சின்ன வேடங்கள். 1987இல் ஆர்ம்ஃபீல்ட் எடுத்த 'ட்வெல்ஃப்த் நைட்' படத்தில் சர் ஆண்ட்ரூ வேடம். 1988இல் நடிகை ஜேன் மெனலாஸைத் திருமணம் செய்துகொண்டார்.

இனி பெல்வாய்ர் ஸ்ட்ரீட் அரங்கம். சிட்னியின் சர்ரி ஹில்ஸ் பகுதியில், முன்பு தக்காளி சாஸ் ஆலையாக இருந்த கட்டடம். 1984இல் அது கைமாறப்போகும் நிலையில், நாடகம், சினிமா, பத்திரிகைத் துறைகளைச் சேர்ந்த சுமார் 600 பேர் பங்குப் பணம் போட்டு வாங்கிக் காப்பாற்றினார்கள். மேடை ஒரு மூலையில் இருக்கும், பார்வையாளர்கள் அதை இருபக்கமும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், முன்திரை கிடையாது. முதல் வரிசைக்கும் நடிகருக்கும் நடுவில் சில அடிகள்தான். ரஷ்ஷைப் பொறுத்தவரை இது ஒரு முக்கியமான விஷயம். ஆயிரம் பேர் அமரும் அரங்கில் மட்டுமே பழகிய நடிகருக்கு கேமரா முன்னால் குரலும் கையசைவும் பெரிதாகிவிடும். பெல்வாய்ரில் அப்படிச் செய்தால் முன்வரிசைக்காரருக்கே செயற்கையாகத் தெரியும். அதே சமயம் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். கண்ணின் அசைவையும் முழு உடலையும் ஒன்றாகப் பயன்படுத்தும் பழக்கம் அங்கே கைகூடும்.

1989இல் அங்கே ஆர்ம்ஃபீல்ட் இயக்கத்தில் கோகோலின் கதையிலிருந்து உருவான 'டைரி ஆஃப் எ மேட்மேன்' மேடையேறியது. ரஷ்ஷின் மேடை வாழ்க்கையின் சிகரம் என்று இதைத்தான் பலர் சொல்வார்கள், சரிதான். பேனா முனை சீவித் தருகிற ஒரு கடைநிலை குமாஸ்தா மெல்ல மெல்லப் புத்தி பேதலித்து, கடைசியில் தன்னை ஸ்பெயின் நாட்டு மன்னனாக நினைத்துக்கொள்கிறான். கிட்டத்தட்ட முழு நாடகத்தையும் ஒருவரே சுமக்க வேண்டும். மேடையோரம் உட்கார்ந்த இசைக்கலைஞர்கள் அவருடைய ஒவ்வொரு அசைவுக்கும் பதில் சொல்வார்கள். இங்கேதான் கஷ்டம். நேரம் அரை விநாடி தப்பினால் சிரிப்பு போய்விடும். நேரம் பிசகாமல் இயந்திரம்போலச் செய்தால் கடைசிக் காட்சியில் அவன்மேல் வர வேண்டிய துயரம் போய்விடும். முதல் பாதியில் கோமாளியாக நம்மைச் சிரிக்க வைத்தவனே பைத்தியக்கார விடுதியில் கிடக்கும்போது, சிரித்ததற்காக நாம் கூச வேண்டும். ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து, 2010இல் இதே நாடகத்தை மறுபடி போட்டு, 2011இல் நியூயார்க்கின் புரூக்ளினுக்கும் கொண்டுபோனார்கள்.

1992இல் ஓய்வில்லாத வேலையால் அவருக்கு நரம்புத் தளர்ச்சி ஏற்பட்டது. பதற்றத் தாக்குதல்கள் வந்தன. பேட்டிகளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். மேடை நடிகர்களிடம் இது அபூர்வமில்லை. இரவு ஒரு நாடகம், பகலில் அடுத்ததின் ஒத்திகை என்று உழைத்தும் கையில் நிற்கும் பணம் குறைவு, நாடகம் முடிந்தால் அடுத்த வேலை நிச்சயமில்லை. அதிலிருந்து மீண்டு 1993இல் எஸ்.டி.சி.யில் டேவிட் மேமட்டின் 'ஒலியானா'வில் பேராசிரியராக நடித்தார். எதிரே மாணவியாக நடித்தவர், நாடகப் பள்ளியை முடித்து அதிகக் காலமாகாத கேட் பிளான்செட். அடுத்து பெல்வாய்ரின் 'ஹாம்லெட்'டில் ரிச்சர்ட் ராக்ஸ்பர்க் ஹாம்லெட், பிளான்செட் ஒஃபீலியா, ரஷ் ஹொரேஷியோ. அந்தச் சிறிய அரங்கின் நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் பாக்கியசாலிகள்.

இனி 'ஷைன்'. இயக்குநர் ஸ்காட் ஹிக்ஸ், மனநோயால் ஆண்டுக்கணக்கில் கச்சேரி மேடையை விட்டு விலகியிருந்த பியானோ கலைஞர் டேவிட் ஹெல்ஃப்காட்டின் நிகழ்ச்சியை 1980களின் நடுவில் பார்த்ததில் பிறந்த படம். திரைக்கு வர ஏறத்தாழ பத்து ஆண்டு பிடித்தது. நாயகனை மூன்று பேர் நடித்தார்கள்: சிறுவனாக அலெக்ஸ் ரஃபலோவிச், இளைஞனாக நோவா டெய்லர், நடுவயதில் ரஷ். சினிமாவில் பெயர் இல்லாத மேடை நடிகரை வைத்துப் படமெடுக்கப் பணம் போடுபவர்கள் தயங்கினார்கள். ஹிக்ஸ் பிடிவாதமாக நின்றார்.

அந்த வேடத்தில் மூன்று சிக்கல்கள். முதலாவது கை. சிறுவயதில் பியானோ கற்று 14 வயதில் விட்டுவிட்ட ரஷ், மறுபடி பாடம் எடுத்துக்கொண்டார். காதில் கேட்கும் வாசிப்பு ஹெல்ஃப்காட்டுடையது; திரையில் தெரியும் விரல்கள் ரஷ்ஷுடையவை. கைக்கு வேறு ஆளை வைத்தால் கேமரா முகத்திலிருந்து விரலுக்கு இறங்கும் ஒரே ஷாட்டை எடுக்க முடியாது. எடிட்டிங்கில் வெட்டி ஒட்ட வேண்டும், பார்வையாளருக்கும் சந்தேகம் வரும். இரண்டாவது பேச்சு. ஹெல்ஃப்காட் மூச்சுவிடாமல், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரு எண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பேசுபவர். அதை அப்படியே காப்பியடித்தால் மிமிக்ரி ஆகிவிடும். ரஷ் அதை ஒரு தாளமாகப் பிடித்திருக்கிறார்: எங்கே வேகம் கூடுகிறது, எங்கே சொல் உடைகிறது, எங்கே அது பயத்தை மூடும் திரையாகிறது என்பதெல்லாம் காதுக்குத் தெரியும். மூன்றாவது இரக்கம். நோயாளி வேடத்தில் நடிகர்கள் பார்வையாளரின் பரிதாபத்தைக் கெஞ்சி வாங்குவது வழக்கம். ரஷ் அந்தப் பக்கமே போகவில்லை. மதுக்கடைக்குள் வந்து, வாயில் சிகரெட்டோடு 'ஃபிளைட் ஆஃப் த பம்பிள்பீ' வாசிக்கும் காட்சியைப் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் முதலில் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தக் கவனிக்காமைதான் நடிப்பு.

1996 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் படம் பேசப்பட்டது. ஆஸ்கர், பிரிட்டனின் பாஃப்டா, கோல்டன் குளோப், திரை நடிகர் சங்க விருது நான்கும் ரஷ்ஷுக்கு வந்தன. சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒருவர் வாங்கியது அதுவே முதல்முறை. (முன்னர் வாங்கிய பீட்டர் ஃபின்ச் ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர்தான், ஆனால் பிறந்தது லண்டனில்.)

விருதுக்குப் பிறகு அவர் கதாநாயகனாக மாற முயலாமல், குணச்சித்திர நடிகராகவே இருந்தது நல்ல முடிவு. 1998இல் சேகர் கபூர் இயக்கிய 'எலிசபெத்'தில் அரசியின் ஒற்றர் தலைவர் வால்சிங்ஹாம். அதே ஆண்டு 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்தில் கடனில் மூழ்கிய நாடகக் கொட்டகை முதலாளி ஹென்ஸ்லோ. இரண்டும் எலிசபெத் காலத்து லண்டன். ஒன்றில் கரிய உடையில் நிழலாக நிற்கிறார், தலையைக்கூடத் தேவைக்கு மேல் திருப்புவதில்லை. மற்றதில் கடன்காரர்கள் காலைச் சுட, துள்ளிக்கொண்டு அறிமுகமாகிறார். முன்னதற்குப் பாஃப்டா, பின்னதற்கு ஆஸ்கர் பரிந்துரை. 2000இல் 'குவில்ஸ்' படத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் மார்கி த சாத் வேடத்துக்கு இன்னொரு பரிந்துரை.

2003இல் பார்போசா. லெகாக் பள்ளியின் மெலோடிராமா பாடத்தை முழு மனதோடு பயன்படுத்திய வேடம். சாபத்தால் சுவை, தொடுவுணர்வு எதுவும் இல்லாதவன் ஆப்பிளை ஏக்கத்தோடு பார்க்கிறான்; சாகும்போது அது கையிலிருந்து உருள்கிறது. 2006 படத்தின் கடைசியில் உயிரோடு திரும்பிவந்து முதலில் செய்வது ஆப்பிளைக் கடிப்பது. ஐந்து படங்களிலும் தலைகாட்டினார். இதே 2003இல் 'ஃபைண்டிங் நீமோ'வில் சிட்னித் துறைமுகத்துக் கூழைக்கடாவுக்குக் குரல் கொடுத்ததும் அவர்தான்.

2004இல் எச்.பி.ஓ. தயாரித்த படத்தில் நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸாக நடித்தார். அதில் செல்லர்ஸோடு நிற்காமல், செல்லர்ஸின் தாய் தந்தை, இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் ஆகியோராகவும் வேடமிட்டுக் கேமராவைப் பார்த்துப் பேசுவார். அதற்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது.

மேடையை அவர் விடவே இல்லை. அயனெஸ்கோவின் 'எக்ஸிட் த கிங்' நாடகத்தை ஆர்ம்ஃபீல்டும் அவரும் சேர்ந்து பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்தார்கள். 2007இல் மெல்போர்ன் மால்ட்ஹவுஸிலும் பெல்வாய்ரிலும் போட்டு, 2009இல் பிராட்வேயின் எத்தல் பேரிமோர் அரங்குக்கு எடுத்துச்சென்றார்கள். சூசன் சரண்டன் உடன் நடித்தார். நாடகத் தொடக்கத்திலேயே மன்னன் பெராஞ்சேயிடம் சொல்லிவிடுகிறார்கள்: ஒன்றரை மணி நேரத்தில், நாடகம் முடியும்போது நீ சாவாய். அதன்பிறகு செங்கோல் ஊன்றுகோலாகிறது, விழுந்து எழுந்து மறுபடி விழுகிறான், சக்கர நாற்காலி வருகிறது. நடிகர் தன் பலத்தை அளந்து செலவழிக்க வேண்டும். முதல் அரைமணியில் தளர்ந்துவிட்டால் அதற்குமேல் இறங்கப் படி இருக்காது. தாமதித்தால் சாவு திடீரென்று வந்து நிற்கும். ஒவ்வொரு காட்சிக்கும் இதையே மறுபடி அளக்க வேண்டும். இதற்கு அமெரிக்க மேடைக்கான டோனி விருது கிடைத்தது. ஆஸ்கர், எம்மி, டோனி மூன்றும் நடிப்புக்காகவே பெற்ற மிகச் சிலரில் அவரும் ஒருவரானார்.

'த கிங்ஸ் ஸ்பீச்' அவரைத் தேடி வந்த கதை சுவையானது. டேவிட் செய்ட்லரின் கதை அப்போது மேடை நாடகப் பிரதியாக இருந்தது. ஏஜென்ட் வழியாகப் போகாமல், தயாரிப்பாளர் தரப்பு பிரதியை மெல்போர்னில் அவர் வீட்டு வாசலிலேயே சேர்த்துவிட்டது. அது முறையல்ல, ஆனால் அவருக்குப் பிடித்துப்போனது, பின்னர் நிர்வாகத் தயாரிப்பாளராகவும் சேர்ந்துகொண்டார். அடிலெய்டில் பிறந்து லண்டன் போன பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோக் வேடம். படப்பிடிப்புக்கு ஒன்பது வாரம் முன்பு லோகின் பேரனிடமிருந்த நாட்குறிப்புகள் கிடைக்க, திரைக்கதையில் திருத்தங்கள் செய்தார்கள். இதில் மன்னராக நடித்த காலின் ஃபர்த்தை எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது ரஷ் கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். மன்னர் திக்கும்போது அவர் உதவிக்குத் துள்ளுவதில்லை, கண்ணை விலக்குவதும் இல்லை. லோக் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் ஷேக்ஸ்பியர் வசனம் பேசிக் காட்டித் தோற்றுப்போகும் காட்சியும் உண்டு. தேர்ந்த மேடை நடிகர் சுமாரான நடிகனாக நடிப்பது மிகக் கடினம். கொஞ்சம் கூடினால் கேலியாகிவிடும். அவர் லோகின் கௌரவத்தைக் குறைக்காமலே அவன் திறமைக்குறைவைக் காட்டுகிறார்.

2011இல் எம்.டி.சி.யில் ஆஸ்கர் வைல்டின் நாடகத்தில் லேடி பிராக்னெல் என்ற பெண் வேடம், 2012இல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர் கௌரவம், 2015இல் எஸ்.டி.சி.க்காக ஆர்ம்ஃபீல்ட் இயக்கத்தில் 'கிங் லியர்'. இளமையில் அதே நாடகத்தில் கோமாளியாக நடித்தவர் இப்போது மன்னர். அந்தத் தயாரிப்பில் உடன் நடித்தவரிடம் முறைகேடாக நடந்துகொண்டதாக 2017 இறுதியில் ஒரு சிட்னி நாளிதழ் எழுதியது. அவர் மறுத்து அவதூறு வழக்குத் தொடுத்தார். 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, சுமார் 29 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு விதித்தது. 2020இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அதன்பின் படங்கள் குறைந்தன. 2024இல் வந்த நியூசிலாந்துத் திகில் படம் 'த ரூல் ஆஃப் ஜென்னி பென்'னில் பக்கவாதம் வந்த நீதிபதியாக, ஜான் லித்கோவுக்கு எதிரே நடித்திருக்கிறார்.

பார்க்கும் வரிசை பற்றிக் கேட்டீர்கள். 'ஷைன்' முதலில். அடுத்து 'எலிசபெத்'தையும் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்'வையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். முகத்தைவிட நடையையும் தோளையும் கவனித்தால் வித்தியாசம் பிடிபடும். பிறகு 'த கிங்ஸ் ஸ்பீச்'. ஆஸ்திரேலிய மண்ணில் அவரைப் பார்க்க 'லன்டானா' (2001), ஹீத் லெட்ஜரோடு 'கேண்டி' (2006), ஃப்ரெட் ஷெப்பிஸி இயக்கிய 'தி ஐ ஆஃப் த ஸ்டார்ம்' (2011) மூன்றும் போதும். கடைசிப் படத்தில் அவர் வேடமே லண்டன் மேடையில் ஓய்ந்துபோன ஒரு நடிகர். செல்லர்ஸ் படத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் செல்லர்ஸின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்'வும் 'பிங்க் பேந்தர்' படம் ஒன்றாவதும் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரஷ் எங்கே அசலைப் பிடிக்கிறார், எங்கே வேண்டுமென்றே விலகுகிறார் என்பது தெரியாமலே போய்விடும்.